காம்போடு பறித்த பூ

அணில் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சுன்னு சொல்லிரலாம். பால்கனிக் கதவில் தோளைச் சாய்த்து நின்றபடி தமயந்தி இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள், வாயிலிருந்த தண்ணீரை விழுங்கக்கூட மறந்து. மூணாவது மாடிக்கு அணில் ஏறுமா? ஏறும், ஏன் ஏறாது, பைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறும், போன மாசம் பக்கத்து வீட்டு ஈசுவரியக்கா காயவைத்த கடலையில் பாதியை அதுதானே தின்றது. சரி, அணில் வந்தது, பூங்கொத்தைக் கடித்தது, ஒத்துக்கொள்வோம். கடித்த கொத்து எப்படி ஹாலுக்குள் நடந்து போய், சுவரில் ஏறி, வசுமதியின் போட்டோ மேலே ஒய்யாரமாக உட்கார்ந்தது? அதையும் அணில்தான் செருகி வைத்ததா, கையோடு கண்ணாடியில் குங்குமமும் வைத்துவிட்டுப் போனதா? தண்ணீரை விழுங்கினாள். காற்று என்று சொல்லலாமா. காற்றும் போட்டோ வரைக்கும் போகாது. காக்காய், பால்காரர், மேல்மாடிக் குழந்தை என்று எல்லாரையும் ஒரு சுற்று கூப்பிட்டுப் பார்த்தாள், ஒருத்தரும் போட்டோவுக்குப் பூ வைக்கிற ஆளாகத் தெரியவில்லை. இந்த வீட்டில் வெள்ளிக்கிழமையானால் போட்டோவைத் துடைத்துப் பொட்டு வைத்துப் பூப் போடுகிறவள் ஒருத்திதான், லோகநாதனின் ரெண்டாவது சம்சாரம், அவள் இங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்கூல் வேன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. வசுமதியின் மகள் மிருதுளா வேனிலிருந்து இறங்குவாள், பையைக்கூடக் கழற்றாமல் நேராக இந்த பால்கனிக்குத்தான் வருவாள். ஒரு வாரமாக அப்படித்தான் வருகிறாள்.

கொடி அது பாட்டுக்குக் கம்பி வளையத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஹோயா. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பேரே இவள் வாயில் நுழையவில்லை, மெழுகுக் கொடி என்று சொல்லிச் சமாளித்தாள். தடித்த இலை, தொட்டால் பிளாஸ்டிக்கோ என்று சந்தேகம் வரும். வசுமதி கோத்தகிரிக்குப் போனபோது ஏதோ நர்சரியில் ஒரு சாண் தண்டாக வாங்கிவந்து நட்டதாம். அவள் இருக்கும்போது ஒரே ஒரு தடவை பூத்ததாம். அப்புறம் ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி என்று அலைந்து அலைந்து அவள் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வருஷமாக வெறும் இலைதான். இந்த வருஷம்தான், எந்தப் புண்ணியவான் கண் பட்டதோ, காய்ந்த தீக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழைய காம்பின் நுனியில் மிளகு மிளகாக மொட்டு வைத்தது. மொட்டெல்லாம் குடை மாதிரி விரிந்து, நேற்று சாயங்காலம் நாலைந்து பூ மட்டும் வாய் திறந்து, வெளிர் ரோஸில் குட்டிக் குட்டி நட்சத்திரம், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, அதில் ஒரு சொட்டுத் தேன். இன்று காலையில் பார்த்தால் கொத்து முழுக்க விரிந்து நிற்கிறது. மிருதுளா தூங்கி எழுந்தது லேட்டு, வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் பால்கனிப் பக்கம் வரவே இல்லை. அவள் பார்க்கவில்லை. பார்க்காத பூவை நீ பறித்திருக்கிறாய். ஐயோ, அதை ஏன் இப்போது நினைக்கிறாய், ஏற்கெனவே இருப்பது போதாதா.

மல்லிகைக்காரம்மா மட்டும் காலையில் வந்திருந்தால் இந்த வம்பே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள் இன்றைக்கென்று எங்கே போய்த் தொலைந்தாள்? போட்டோவைத் துடைத்தாயிற்று, பொட்டும் வைத்தாயிற்று, பூ இல்லை. நெற்றியில் குங்குமத்தோடு வசுமதி மொட்டையாகப் பார்த்தாள். மொட்டையாக என்றால், பூ இல்லாமல். தமயந்தியின் தாலிக்கொடியில் மூத்தவள் பேரில் ஒரு தங்கப் பொட்டு கோத்திருக்கிறது, கல்யாணத்தன்று பெரியவர்கள் கோத்துவிட்டது, அவளுக்கு ஒரு நாளும் குறை வைக்காதே என்று சொல்லித்தான் கோத்தார்கள். அந்தப் பொட்டைத் தொட்டுக்கொண்டு நின்றபோதுதான் அது தோன்றியது. அக்கா, உன் கொடி பூத்திருக்கே, உன் பூ உனக்கே. எவ்வளவு நல்ல யோசனை, அடேயப்பா. போய் நகத்தால் கிள்ளினாள். காம்பு லேசில் வரவில்லை, கொஞ்சம் முறுக்கி இழுத்தாள், பட்டென்று வந்தது. பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. போட்டோவின் மேல் சட்டத்தில் செருகிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள், நெஞ்சு நிறைந்துவிட்டது. உள்ளதைச் சொன்னால் வசுமதிக்காக நிறைந்தது பாதிதான். மீதிப் பாதி, சாயங்காலம் அந்தப் பிள்ளை வந்து பார்க்கும், உங்கம்மா பூவை உங்கம்மாவுக்கே வைத்திருக்கிறேன் பார் என்று நான் வாயைத் திறக்காமலே அதுக்குப் புரியும், முகம் மலரும் என்கிற ஆசை. செல்லில் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடக்கூடப் போனாள். நல்லவேளை, ஏதோ ஒரு கூச்சம் வந்து நிறுத்தியது.

அந்தக் கூச்சம் அதோடு நிற்காமல் மத்தியானம் செல்லைத் தொட விடாமலும் பண்ணியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடந்தவளுக்கு, பூத்த பிறகு இந்தக் கொடிக்கு என்ன உரம் வைப்பது என்று பார்க்க ஆசை. யூடியூபில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பின்னால் நாற்பது தொட்டி, சிரித்த முகம். பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பு காஞ்ச மாதிரி இருக்கும், கிள்ளிடாதீங்க கண்ணுகளா, வருஷா வருஷம் அதே காம்புலதான் திரும்பப் பூக்கும், அதைக் கிள்ளினா அந்த இடத்துல பூ போச்சு, அப்புறம் புதுசா ஒண்ணு விடுறதுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ. தமயந்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பப் போட்டுக் கேட்டாள், ஒருவேளை வேற ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று. அதையேதான் சொன்னாள், அதே சிரிப்போடு. வசுமதி கண்ணால் பார்த்த காம்பு அது. அவள் காலத்தில் பூத்து, அவள் போன பிறகும் அங்கேயே காய்ந்து நின்று, அவள் மகள் பார்க்கிற மாதிரி மறுபடி மொட்டு வைத்த காம்பு. மல்லிகையைக் கிள்ளுகிற மாதிரி, ரோஜாவைக் காம்போடு ஒடிக்கிற மாதிரி ஒடித்தாயிற்று. சாமிக்குப் பூப் பறிக்கிற எவள் காம்பை யோசித்துப் பறிக்கிறாள்? காம்பு இல்லாமல் பூவை எங்கே செருகுவது? ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது, பதிமூன்று வயசுப் பெண்ணிடமா.

கத்துகிற பிள்ளையாக இருந்தால்கூடப் பரவாயில்லை. ஈசுவரியக்காவின் மகள் கத்துகிற கத்தல் லிஃப்ட் வரைக்கும் கேட்கும், ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு ராத்திரி ஒரே தட்டில் தோசை தின்பார்கள். மிருதுளா கத்த மாட்டாள். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்னால் எடுத்துக்கட்டுங்களா என்று கேட்பாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ். சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைப்பாள். சாம்பாரில் உப்புக் கூடிப் போன அன்றைக்கும் நல்லாருக்குங்க என்றுதான் சொன்னாள், லோகநாதன்தான் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நல்ல பிள்ளை, எவ்வளவு மரியாதை, சித்தியை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்லை என்று வருகிறவர்களெல்லாம் மெச்சுகிறார்கள். சித்தி என்று அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பது அவர்களுக்கு எங்கே தெரியும். கரூரில் ஒரு சித்தி இருக்கிறாள், வசுமதியின் சொந்தத் தங்கச்சி இந்துமதி, அந்த வார்த்தை அவளுக்குப் போய்விட்டது. அந்த இந்துமதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். சும்மா பார்த்துவிட்டுப் போக இல்லை. அடுத்த வருஷப் படிப்புக்கு மிருதுளா எங்கூட வந்து இருக்கட்டும், எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே நல்ல ஸ்கூல் இருக்கு என்று போனிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை, யோசிச்சுச் சொல்றேன் சித்தி என்று சொல்லியிருக்கிறது. லோகநாதனிடம் கேட்டால், அவளே முடிவு பண்ணட்டும், நாம கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார், ஏதோ பெரிய நியாயம் பேசிவிட்ட மாதிரி. தமயந்தியும் தலையை ஆட்டினாள். நான் யார் அதைச் சொல்ல? போகாதே என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? முப்பத்தாறு வயசு வரைக்கும் ஜாதகக் கட்டில் செவ்வாய் உட்கார்ந்துகொண்டு நகராமல் அடம்பிடித்து, ஈரோட்டில் ஜவுளிக் கடை பில் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் கல்யாணப் புடவைக்கெல்லாம் பில் போட்டு, கடைசியில் ஒரு வீடும் ஒரு மனுஷனும் ஒரு பெண்பிள்ளையும் ஒரே நாளில் கிடைத்தவள். கிடைத்ததில் அந்தப் பிள்ளைதான் இன்னும் கைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடுமோ.

இந்தக் கொடியை வைத்துத்தான் கொஞ்சம் பேச்சு வந்தது. அதுவும் இவள் பண்ணின ஒரு தப்பில்தான் வந்தது. வந்த புதிதில், செடி வாடக் கூடாதே என்று தினம் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். கறிவேப்பிலைக்கு ஊற்றினால் தழைக்கும், இதுக்கும் தழைக்கும் என்று ஒரு கணக்கு. அடி இலையெல்லாம் மஞ்சளடித்துப் போயிற்று. ஒரு நாள் மிருதுளா பின்னால் வந்து நின்று, இதுக்கு வேர் காயோணுங்க, விரலை விட்டுப் பாருங்க, ஈரமிருந்தா ஊத்தாதீங்க என்றாள். அதுதான் அந்தப் பிள்ளை அவளாக வந்து பேசின முதல் பேச்சு. தமயந்தி மண்ணுக்குள் விரலை விட்டுக்கொண்டு, சந்தோஷத்தில் எடுக்கவே மறந்து நின்றாள். அதுக்கப்புறம் மொட்டு வைத்தபோது, தொட்டியைத் திருப்பாதீங்க, மொட்டு கொட்டிரும் என்றாள். பெருக்கும்போதுகூட தொட்டியை நகர்த்தாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள் தமயந்தி. ஒரு வாரமாகச் சாயங்காலம் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அந்தக் கொத்தைப் பார்ப்பார்கள், பேச்சு ரெண்டு வார்த்தைதான், நாளைக்கு விரியுங்களா, விரியும் போலிருக்கு. அந்த ரெண்டு வார்த்தைக்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தவள், அதை இந்தக் கையாலேயே கிள்ளி எடுத்து, சட்டத்தில் செருகி, அழகு பார்த்திருக்கிறாள். புத்தி எங்கே மேயப் போயிருந்தது அப்போது.

ஃபெவிக்விக் இருக்கிறது, டி.வி. ஸ்டாண்டு டிராயரில். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டும் ஒன்றாக வந்ததில் மூக்கு ஒழுகியது. இருந்தாலும் போய் டிராயரைத் திறந்து அந்தக் குட்டி ட்யூபைக் கையில் எடுத்துவிட்டாள் என்பதுதான் வெட்கக்கேடு. போட்டோவின் முன்னால் வந்து கொத்தை உருவலாம் என்று கையைத் தூக்கினாள். வசுமதி பார்த்தாள். அந்தப் படத்தில் அவள் பாதிச் சிரிப்பில் இருக்கிறாள், எடுத்தவன் அவசரப்பட்டுவிட்டான் போல. அந்தப் பாதிச் சிரிப்பு சில நாள் ஆறுதலாகத் தெரியும், சில நாள் நக்கலாகத் தெரியும், இன்றைக்கு என்னவென்றே தெரியவில்லை. வைத்த பூவை எடுப்பதா? செத்தவளுக்கு வைத்ததைத் திரும்பப் பிடுங்கி, கொடியில் ஒட்டி, பிள்ளையை ஏமாற்றி, அதுவும் ரெண்டு நாளில் வாடித் தொங்கப்போகிற பூ. கையைக் கீழே போட்டாள். ட்யூபை டிராயரில் போட்டு மூடினாள். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? சிரித்துக்கொண்டே சொல்லலாமா, பாரேன் நான் பண்ணின கூத்தை என்று. சிரிக்கிற விஷயமா இது. கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாமா, கையைப் பிடித்ததே இல்லையே. சாப்பிடக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லலாம், ஆனால் அவள்தான் பையோடு நேராகப் பால்கனிக்கு வருவாளே, அதுக்குள் எங்கே சாப்பிடுவது. வாசலிலேயே மடக்கிச் சொல்ல வேண்டும். வாசலில் நின்றாள். வாசலில் நின்றால் ஏதோ எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கும் என்று உள்ளே வந்தாள். அடுப்பில் பாலை வைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. அது தண்ணீர் லாரி. பாலை இறக்கி வைத்தாள். மறுபடி ஹாரன். இது வேன்தான்.

லிஃப்ட் கதவு, ஷூவைக் கழற்றுகிற சத்தம், அப்புறம் மிருதுளா. வியர்வையில் நெற்றி முடியெல்லாம் ஒட்டிப்போய், தோளில் பையோடு ஹாலைக் கடந்தவள் பாதியில் நின்றாள். பால்கனி வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை. போட்டோவைப் பார்த்தாள், கொத்தைப் பார்த்தாள், அப்புறம் தமயந்தியைப் பார்த்தாள்.

"மல்லிகைக்காரம்மா வரலை," என்றாள் தமயந்தி. இப்படி ஆரம்பிப்பதாக அவள் எந்தத் திட்டத்திலும் இல்லை. "வெள்ளிக்கிழமை. வெறுமனே இருந்துச்சு. அதான் நான் பறிச்சு வெச்சுட்டேன். காம்போட பறிச்சுட்டேன். அதைப் பறிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது, மத்தியானம்தான் தெரிஞ்சுது. இனிமே அந்த எடத்துல பூக்காதாம்."

"பரவாயில்லீங்க," என்றாள் மிருதுளா. பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுகிற சத்தம்கூடக் கேட்காமல், மெல்ல.

அந்த மெல்லத்தான் தமயந்தியைக் கொன்றது. போச்சு, எல்லாம் போச்சு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே போயாயிற்று. அடுப்படிக்குப் போகலாம், பாலை ஆற்றலாம், தட்டில் பிஸ்கட் வைத்து வெளியே இருந்து கூப்பிடலாம், அவளும் வருவாள், நல்லாருக்குங்க என்பாள், டம்ளரைக் கழுவி வைப்பாள். இப்படியே ஞாயிற்றுக்கிழமை வரும், பெட்டியும் மடிப்புக் கலையாமல் அடுக்கப்படும். கால் அடுப்படிக்குப் போகவில்லை. அறைக் கதவைத் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

"மிருதுளா, பரவாயில்லைன்னு சொல்லாத. எனக்கு உன் பரவாயில்லை வேண்டாம். திட்டோணும்னா திட்டு. கதவைச் சாத்தோணும்னா அறைஞ்சு சாத்து, பக்கத்து வீடு வரைக்கும் கேக்கட்டும். நீ இப்படிச் சத்தமில்லாமச் சாத்துனா நான் எங்க போய் நிக்கறது?" குரல் உடைந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

அப்புறம் கதவு திறந்தது. முகம் முழுக்க நனைந்திருந்தது.

"காம்பு போனாப் போகுது," என்றாள் மிருதுளா. மூக்கை யூனிஃபார்ம் கையில் துடைத்தாள். "வேற எடத்துல விடும். அதுக்கில்லை. நாந்தான் வெக்கலாம்னு இருந்தேன். எல்லாப் பூவும் விரியட்டும்னு இருந்தேன், இன்னிக்கு வந்து ஒவ்வொண்ணா எடுத்து நானே வெக்கலாம்னு. எங்கம்மாவுக்கு நான் பூ வெச்சதே இல்லை. மொதல்ல அப்பாவே வெச்சுட்டிருந்தாரு. அப்புறம் நீங்க வந்துட்டீங்க. நீ வெக்கறியான்னு என்னை ஒருத்தருமே கேக்கலை."

தமயந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் முழுக்கக் காம்பு காம்பு என்று உருண்டாளே, இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. எத்தனை வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை பல் துலக்கிக்கொண்டு அங்கே நின்று பார்த்திருக்கிறாள், தான் கடமையாகத் துடைத்துப் பொட்டு வைப்பதை. குறை வைக்காதே என்றார்கள் பெரியவர்கள், குறை வைக்காமல் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டாள்.

"கேட்டிருக்கோணும்," என்றாள். "என் தப்புத்தான்."

போய்ப் போட்டோவிலிருந்து கொத்தை உருவி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். மிருதுளா ரெண்டு கையாலும் வாங்கினாள். ஓரத்தில் ஒன்றிரண்டு பூ சுருங்கியிருந்தது, அதை மட்டும் கிள்ளிப் போட்டாள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினாள். டைல்ஸில் அது ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது.

"பிடிங்க," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

தமயந்தி குனிந்து பிடித்தாள். மேலே அந்தப் பிள்ளை அவசரமே படவில்லை, கொத்தை இப்படி வைத்து, எடுத்து, அப்படி வைத்து, சட்டத்தைத் தன் யூனிஃபார்ம் சட்டை நுனியால் ஒரு தடவை துடைத்து, மறுபடி வைத்தாள்.

"நேரா இருக்கா?"

"கொஞ்சம் இந்தப் பக்கம். ஆங், இப்ப சரி."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். ரொம்ப நாளைக்கு இருப்பேன்."

தமயந்திக்கு எதிரே அந்தப் பெண்ணின் கணுக்கால்தான் தெரிந்தது, சாக்ஸ் பதிந்த தடத்தோடு. இதைச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை என்று உள்ளே வழக்கம்போல ஒன்று எழுந்தது. எழுந்தால் எழுந்துவிட்டுப் போகட்டும்.

"கரூருக்குப் போகாத, மிருதுளா," என்றாள். "இங்கயே இருந்து கோவப்படு."

பூவைச் சரிசெய்கிற விரல் நின்றிருந்தது.

"நாற்காலியை விட்டுராதீங்க," என்றாள் மிருதுளா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "விழுந்துருவேன்."